ஏழு படி, எட்டுப் பிரதி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குப் பதினாறு முகங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க விட்டால்தானே.

அம்மாவின் ஸ்டூடியோ பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆகவே இந்த ஊரிலிருந்து வெளிநாடு போக நினைக்கிற எவரும் முதலில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். "தாடையை இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும். மூச்சு விடாதீங்கன்னு சொல்லல, ஆடாதீங்கன்னுதான் சொன்னேன்." ஆள் முழுசாகச் சிலையான பிறகுதான் பட்டனை அழுத்துவாள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஆடுகிற எதையும் எடுத்ததில்லை என்பது அவளுடைய பெருமை. என் சின்ன வயசுப் படங்கள் எல்லாவற்றிலும் நான் தூங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

வெட்டுவதும் உறையில் போடுவதும் என் வேலை. உறைமேல் எழுதுவது அம்மா. யாரிடமும் பேர் கேட்க மாட்டாள். "அதெல்லாம் எதிர்த்த ஆபீஸ்ல கேப்பாங்க." தனக்குப் பட்டதையும் எத்தனை பிரதி என்பதையும் எழுதுவாள். 'நீலச் சட்டை, மீசை – 8.' 'இருமல்காரர் – 8.' 'புருஷனைத் திட்டிட்டே இருந்த அம்மா – 8.' கடைசி உறையை அந்த அம்மாவே வாங்கிப் படித்துவிட்டு, "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றிலிருந்து இரண்டு வரை கடை அடைப்பு. அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நான் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். இழுத்து மூடிவிட்ட சோபாக் கடையின் பின்பக்கம். ஏழு படி, கீழே வழவழவென்று சிமெண்ட், சாம்பல் சுவர். அங்கே நாங்கள் மூன்று பேர். ராக்கெட், செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. ஏழு படியையும் பலகையோடு தாண்டக்கூடிய ஒரே ஆள், அதை அவனே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வான். டமார், பேக்கரியில் வேலை. விழும்போது வருகிற சத்தத்தால் வந்த பேர். அப்புறம் நான். என்னை அங்கே 'க்ளிக்' என்பார்கள். பழைய ஸ்டூடியோ கேமராவோடு தரையில் படுத்து அவர்களைப் படம் எடுப்பவள். அந்தப் பேரில் பலகை எங்கேயும் இல்லை என்பதை இரண்டு வருடமாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 7, சனி

எங்களிடம் ஒரே ஒரு சட்டம். 'நின்னாதான் கணக்கு.' எவ்வளவு உயரம் குதித்தாலும், கீழே வந்து பலகைமேல் நின்றால்தான் தாண்டியதாக அர்த்தம். நிற்காமல் விழுந்துவிட்டு, காற்றில் இருந்த படத்தை மட்டும் எடுத்துக் காட்டினால் அதற்குப் பேர் பொய்ப்படம். பொய்ப்படம் காட்டுகிறவனோடு ஒரு வாரம் பேச்சுக் கிடையாது. இதை எழுதி வைத்தவர் யாருமில்லை. ஆனால் எதிர்த்த அலுவலகத்தின் சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது.

என் கணக்கு? தபால் நிலையத்துப் பக்கவாட்டில் மூன்று படி, நின்றிருக்கிறேன். ஏழு படியில் தினமும் மேலே ஏறுகிறேன், கீழே பார்க்கிறேன், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே இறங்குகிறேன். 'யாராவது படம் எடுக்கணுமே' என்று காரணம் சொல்வேன். நல்ல காரணம். இரண்டு வருடமாகக் கெடாமல் இருக்கிறது.

மார்ச் 14, சனி

எடுத்துவிட்டேன்.

ராக்கெட் ஓடி வந்தான். நான் படிகளுக்குக் கீழே ஓரமாகத் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தேன். ஒரே அழுத்தில் ஐந்து படம். முதல் படத்தில் பலகையின் மூக்கு மட்டும். இரண்டாவதில் – எனக்கே நம்ப முடியவில்லை – ஆள் முழுசாக ஆகாயத்தில். இரண்டு கையும் விரிந்து, பலகை பாதத்தோடு ஒட்டி, பின்னால் ஒற்றை மேகம். மேகத்தைக் கூலிக்கு அமர்த்தினாலும் அவ்வளவு சரியாக வந்து நிற்காது.

மூன்றாவதில் அவன் கண் மூடியிருக்கிறது. நான்காவதில் பலகை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஐந்தாவதில் சிமெண்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி, உதட்டைப் பிதுக்கி.

"இந்த அஞ்சாவதை அழிச்சுடு" என்றான். எழுந்திருக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள்ளேயே ஆணை.

அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது படத்தை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கண்ணு திறந்திருக்கு."

"ம்."

"காது ஒண்ணுதான் தெரியுது."

"அம்மா, அவன் பறக்கறான்."

"அது சரி. எப்போ கீழ வருவான்? வந்து நின்ன பிறகு எடுத்திருக்கலாமே."

இவளுக்குப் பிறந்துவிட்டு நான் எப்படித்தான் கலைஞியாவது.

மார்ச் 20, வெள்ளி

இளையோர் கலை மையத்தில் கண்காட்சியாம். தலைப்பு: 'சக்கரமும் சட்டகமும்.' ஸ்கேட்போர்டும் போட்டோவும் சேர்ந்து இளைஞர்களுடைய படைப்புத்திறனை என்னவோ செய்கிறதாம். முதல் பரிசு வாங்குகிறவருக்கு மையத்தின் போட்டோப் பட்டறையில் ஒரு வருடம் இடம். நல்ல கேமரா, நல்ல லென்ஸ், சனிக்கிழமை முழுக்க வெளியே போய் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஒரு வருடம். ஆடுகிற மனிதர்கள். சிரிக்கிற, தும்முகிற, காது தெரியாத மனிதர்கள்.

வேண்டும். எனக்கு இது வேணும். இந்த நோட்டில் கிண்டல் பண்ணாமல் எழுதுகிற ஒரே வரி இதுவாக இருக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'சறுக்குப்பலகையும் ஒளிப்படக் கலையும் உங்கள் படைப்புச் சுய வெளிப்பாட்டை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இருநூறு சொற்களில் விளக்குக.'

முதல் வரைவு: 'சறுக்குப்பலகை என் முழங்கையை வடிவமைத்தது. முன்பு வளையும், இப்போது மடக்கினால் சத்தம் வருகிறது.' பத்துச் சொல்தான் வந்தது.

இரண்டாவது வரைவு: 'எங்கள் ஸ்டூடியோவில் ஒருவரை அசையாமல் நிறுத்தித்தான் அவர் யார் என்று நிரூபிப்போம். பின்பக்கத்துப் படிக்கட்டில் ஒருவர் அசையும்போதுதான் அவர் யார் என்று தெரிகிறது.' இது நன்றாகத்தான் இருந்தது. உண்மையாகவும் இருந்தது. அதனால் பயமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

கடைசியில் அனுப்பியது: 'தளைகளை உடைத்து வானத்தைத் தொடத் துடிக்கும் என் தலைமுறையின் சிறகுகளே இச்சக்கரங்கள்…' இப்படியே இருநூறு சொல். எழுதி முடித்ததும் கை தட்டத் தோன்றியது. அப்புறம் கை கழுவத் தோன்றியது.

படத்தின் கீழே போட ஒரு குறிப்பு கேட்டிருந்தார்கள். 'ஏழு படிகளைத் தாண்டும் கணம்' என்று எழுதினேன். 'தாண்டும்' கொஞ்சம் சோகையாகத் தெரிந்தது. இன்னும் முடிவு பண்ணாத மாதிரி. 'தாண்டிய கணம்' என்று மாற்றினேன். கெத்தாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

இறுதிச் சுற்றுக்கு ஐந்து பேர். அதில் நான்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் போன் பண்ணினார். அந்த அம்மா சாதாரணமாகப் பேசும்போதே மேடையில் நிற்கிற மாதிரிதான் பேசுவார். "உங்க படம் வெறும் படமில்ல. அது ஒரு அகப் பாய்ச்சல். ஈர்ப்பு விசைக்கு எதிரா ஒரு உரையாடல்."

"ஆமாங்க" என்றேன். ஈர்ப்பு விசை அன்றைக்குப் பதில் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

படத்தைக் கதவளவு பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். அழைப்பிதழிலும் அதுதான்.

சித்தி அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு உடனே போன். கலையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "அந்தப் பையன் யாரு?"

ஏப்ரல் 6, திங்கள்

ராக்கெட் அந்தப் படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். மார்பில் அவனே பறக்கிறான். ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் போனைக் கழற்றுவதற்கு முன்னால் கதையைக் கழற்றுகிறானாம். "அன்னிக்கி ஒரு காத்து வந்தது பாருங்க, அப்படியே தூக்கிட்டுப் போயி, பூ மாதிரி இறக்கி விட்டுச்சு." பூ மாதிரி! மூன்று வாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தவன். விடுகிற ரீலில் அவனே சுற்றிக்கொண்டுவிட்டான். நம்பியே சொல்கிறான்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், டமார் வரும்வரை. புருவமெல்லாம் மாவு. அழைப்பிதழை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

"தாண்டிய கணமா? எப்போ தாண்டினான்?"

"அட, படத்துக்கு ஒரு குறிப்பு. அவ்வளவுதான்."

"அன்னிக்கி நானும் இருந்தேன், க்ளிக். இது பொய்ப்படம்."

"காத்துல இருந்தது பொய்யா? நான் ஒட்டு வேலை பண்ணேனா?"

"படம் பொய் சொல்லல. 'தாண்டும்'னு எழுதியிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். நீ 'தாண்டிய'ன்னு எழுதியிருக்க."

ரொட்டி சுடுகிறவனுக்கு எதுக்கு இவ்வளவு இலக்கணம்? எனக்கு வந்த கோபத்தில், "நீ மூணு படியிலகூட நின்னதில்ல, நீ பேசாத" என்று சொல்லிவிட்டேன். அவன் பேசவில்லை. சட்டப்படி ஒரு வாரம் பேச மாட்டான்.

சொல்லியிருக்கக் கூடாது. அவன் நிற்பதில்லைதான். ஆனால் நின்றதாகச் சொன்னதும் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

கன்னத்தில் தழும்போடு ஒருவர் வந்தார். படத்தில் அதை எடுத்துவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா முடியாது என்றாள். ஒரு நிமிஷ வேலைதானே என்றார். "ஒரு நிமிஷ வேலைதாங்க. அப்புறம் அங்க போய் நிப்பீங்க, படத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க, இது நீங்க இல்லன்னு அனுப்பிடுவாங்க. எதுக்கு?"

உறைமேல் என்ன எழுதப் போகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். 'நல்லாப் பேசினவர் – 8.'

வெட்டும்போது இரண்டு படம் கோணலாகிவிட்டது. அம்மா திட்டாமல் வேறு இரண்டு அச்சடித்துக் கொடுத்தாள். அவள் திட்டாத நாளில்தான் எனக்குப் பயம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன்! ராக்கெட் மறுபடி குதித்து, இந்தத் தடவை நின்றுவிட்டால் போதும். வேறு படம், வேறு நாள், ஆனால் 'தாண்டிய' என்கிற சொல்லுக்கு ஒரு ஆள் ஆயிற்று. என்ன மூளை.

ராக்கெட் மேலே ஏறினான். காற்று அதிகம் என்றான். காத்திருந்தோம். வீல் ஒன்று உராய்கிறது என்றான், எண்ணெய் விட்டோம். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றான். மேகம் வந்தது. மேகம் வந்தால் வெளிச்சம் சரியில்லையாம், எனக்காகத்தான் யோசிக்கிறானாம். அப்புறம் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே இறங்கினான்.

அந்த இறங்குகிற விதம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன, நான்தான்.

அவன் விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. மார்பில் பறக்கிறான், காலில் பயப்படுகிறான். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 15, புதன்

மதிய இடைவேளையில் கலை மையத்துக்குப் போனேன். ஒரு சொல்லை மாற்ற வேண்டும், முடிந்தால் ஐந்து படத்தையும் மாட்ட வேண்டும் என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் என் தோளில் கை வைத்தார். "கலையோட உண்மை வேற, நடந்ததோட உண்மை வேறம்மா."

"எங்க ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

"நீங்க ஏன் உங்களையே குறைச்சுக்கறீங்க? அவர் விழுந்தது யாருக்கு வேணும்? பார்வையாளர்களுக்கு நம்பிக்கை வேணும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முடிவு என் கையில இல்லதான். இருந்தாலும் சொல்றேன், பட்டறைக்குப் பெரிய பையா ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க" என்றார்.

வெளியே வந்தேன். இடம் எனக்குத்தான். அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு தெரு நடந்த பிறகுதான் தெரிந்தது, வரும் வழியெல்லாம் 'தாண்டும், தாண்டிய, தாண்டும், தாண்டிய' என்று முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

முதல், மூன்று, நான்கு, ஐந்து. நான்கு படத்தையும் பாஸ்போர்ட் அளவில் அச்சடித்தேன். வெட்டும்போது கோணலாகப் போயிற்று. அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் ஆடிப் போச்சே. யாருக்கு?"

"எனக்கு."

"கடைசிப் படம் பரவாயில்ல. ஆடாம உக்காந்திருக்கான்." நேராக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே இதில் காற்று, பூ என்று எதையாவது சேர்த்துவிடக்கூடும்.

கதவளவு ராக்கெட், மைய மண்டபத்தின் நடுவில். அதன் முன்னால் டி-ஷர்ட்டில் சின்ன ராக்கெட், வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தபடி. சிறப்பு விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பு, எல்லோரும் வாசலில் நின்றபோது, நான்கு சின்னப் படங்களையும் பெரிய படத்தின் கீழே வரிசையாக ஒட்டினேன். குறிப்பில் 'தாண்டிய' என்பதை அடித்து, மேலே பேனாவால் 'தாண்டாத' என்று எழுதினேன். 'ஏழு படிகளைத் தாண்டாத கணம்.' எழுத்து கோணல். நீல மை.

கூட்டம் உள்ளே வந்தது. முதலில் வழக்கம்போலக் கன்னத்தில் கை, ஒரு பக்கம் சாய்ந்த தலை. அப்புறம் ஒரு அம்மா குனிந்து சின்னப் படங்களைப் பார்த்தார். ஐந்தாவதுக்கு வந்ததும் பக்கென்று சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவரை இழுத்துக் காட்டினார். அவர் சிரித்தார். சிரித்தவர்கள் மறுபடி பெரிய படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தத் தடவை வேறு மாதிரி, வாயைத் திறந்துகொண்டு, ஐயோ விழப் போறானே என்று. முதல் முறையாக அந்தப் படத்தில் ஒருவன் உண்மையிலேயே ஆகாயத்தில் இருந்தான்.

ஒருங்கிணைப்பாளர் என் காதருகே வந்தார். மேடைத் தமிழ் போயிருந்தது. "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? யார்கிட்ட கேட்டு ஒட்டின? என்ன ஒழுங்கீனம் இது?"

"சுய வெளிப்பாடுங்க" என்றேன்.

முதல் பரிசு, மழையில் தனியாகக் கிடக்கும் ஒரு பலகையின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு. தலைப்பு, 'மௌனத்தின் சக்கரங்கள்.' அந்தப் பலகை தாண்டியதாகவும் சொல்லவில்லை, தாண்டாததாகவும் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்த பலகை.

ஏப்ரல் 20, திங்கள்

பட்டறை போயிற்று. அது வலிக்கிறது, ஆனால் எதிர்பார்த்த வலி. எதிர்பார்க்காதது ராக்கெட்.

ஸ்டூடியோ வாசலுக்கே வந்துவிட்டான். ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கணும், அதானே உனக்கு வேணும், என்றான். இல்லை என்றேன். "உன் தப்பை நீ திருத்திக்கணும்னா உன் பேரைப் போட்டுத் திருத்து. என் பின்பக்கத்தை எதுக்கு மாட்டின?"

'தாண்டிய' என்று எழுதியது நான். சிரிப்புக்கு ஆளானது அவன். டி-ஷர்ட் கதைகளுக்கு அவனுக்கு இது வேண்டும்தான் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசுக்கு நான் அவ்வளவாக மரியாதை கொடுப்பதில்லை.

"நான் விழுந்த படம் உன்கிட்ட நூறு இருக்கும். நீ விழுந்த படம் ஒண்ணு இருக்கா? நீ குதிச்ச படம்? மேல ஏறி நின்னு பாத்துட்டு இறங்கற படம் வேணா எடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்கு ஆல்பம் போடலாம்!"

போய்விட்டான். உள்ளே அம்மா யாரிடமோ, "தாடையை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

டமாரிடம் போனேன். பேக்கரிப் பின்வாசல். "மூணு படி பத்திச் சொன்னது தப்பு" என்றேன். "ஆமா, தப்பு. ரெண்டு படியிலேயே நின்னதில்ல" என்றான். சூடாக ஒரு பன் கொடுத்தான். இந்த மனுஷனோடு சண்டை போட்டு எதையும் சாதிக்க முடியாது.

மே 3, ஞாயிறு

நான்கு படி. நின்றேன். யாரும் படம் எடுக்கவில்லை. பரவாயில்லையா? இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

மே 10, ஞாயிறு

ஐந்து படி. நின்றேன் என்று டமார் சொல்கிறான். கை தரையைத் தொட்டது, நான் சொல்கிறேன். கணக்கில் இல்லை.

மே 16, சனி

நாளைக்கு ஏழு. ஸ்டூடியோவின் நல்ல கேமராவை டமாருக்குக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். பழைய கேமரா என்னோடேயே மல்லுக்கட்டும். அவன் கையில் அடங்காது.

"மாவுக் கையில என் கேமராவா? நானே வர்றேன்."

"அம்மா, நீ…"

"இருபத்திரண்டு வருஷமா எடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் பயம்.

மே 17, ஞாயிறு

அம்மா முக்காலி ஸ்டாண்டோடு வந்தாள். மடக்கு நாற்காலியோடு வந்தாள். "பின்னணித் துணி கொண்டு வரணுமான்னு யோசிச்சேன், சுவரே சாம்பல் கலர்ல இருக்கு, போதும்" என்றாள். படிகளுக்குக் கீழே, சிமெண்ட் முடிகிற இடத்தில் கேமராவை நிறுத்தி, ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

முதல் தடவை பலகை மட்டும் போயிற்று. இரண்டாவது தடவை நான் மட்டும். முழங்கை தேய்ந்து ரத்தம். "ஆடிட்ட" என்றாள் அம்மா. மூன்றாவது தடவை இடுப்பு. "இப்பவும் ஆடிட்ட." குரல் கொஞ்சம் மாறியிருந்தது. நான்காவது தடவை நான் எழுந்திருக்க நேரம் ஆயிற்று. டமார் ஓடி வந்தான். அம்மா இடத்தை விட்டு நகரவில்லை. ஸ்டாண்டைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. வா போதும், வீட்டுக்குப் போலாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன். "தலைமுடி காதை மறைக்குது, எடுத்துக் கட்டிக்கோ" என்றாள்.

கட்டிக்கொண்டேன். மேலே ஏறினேன். கீழே பார்த்தேன். இரண்டு வருடமாகப் பார்க்கிற அதே ஏழு. நடந்து இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு அது நல்ல படமாகக்கூட வரும்.

தள்ளினேன்.

நடுவில் என்ன நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியவில்லை. சத்தமே இல்லை, அவ்வளவுதான். அப்புறம் நான்கு சக்கரமும் சிமெண்டில் அறைகிற சத்தம், முட்டி மடங்கி, நிமிர்ந்து, பலகை ஓடி, மெதுவாகி, நின்று – நான் அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறேன்.

"தாடையை இறக்கு!"

இறக்கிவிட்டேன். பழக்கம்.

க்ளிக்.

டமார் கத்திய கத்தலில் சோபாக் கடையின் ஜன்னல் அதிர்ந்தது. நான் ஓடிப் போய் கேமராவைப் பிடுங்கினேன். ஒரே ஒரு படம். பலகைமேல் நான், நேராக, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். பின்னால் ஏழு படி. முழங்கையிலிருந்து ஒரு கோடு ரத்தம் மணிக்கட்டு வரைக்கும்.

"அம்மா, பறந்தது எங்கே?"

"எது?"

"நடுவுல! காத்துல! அதுக்குத்தானேம்மா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்!"

"அப்போ நீ ஆடிட்டிருந்தியே. ஆடறப்போ எப்படி எடுக்கறது? நின்ன பிறகு எடுத்தேன்."

அழுகை வந்துவிட்டது. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா ஊர்ல இருக்கறவனையெல்லாம் காத்துல எடுத்தேன், எனக்குன்னு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, அதையும் இவ பாஸ்போர்ட்டுக்கு எடுத்து வெச்சிருக்கா.

டமார் கேமராவை வாங்கப் பார்த்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினாள். வெகு நேரம் பார்த்தான்.

"ஆன்ட்டி, எங்க சட்டம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"என்ன சட்டம்?"

அவன் சிரித்தான், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "காது ரெண்டும் தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு அழற?" என்று கேட்டுக்கொண்டே என் முழங்கையைத் துடைத்தாள்.

மே 18, திங்கள்

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மே 25, திங்கள்

ராக்கெட் வந்தான். என்னைப் பார்க்க இல்லை, படம் எடுக்க. ஏதோ அடையாள அட்டையாம். டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தான். தையல் எல்லாம் தெரிந்தது. தூக்கி எறியவும் மனசு வரவில்லை போல.

அம்மா அவனைச் சிலையாக்க ஆறு நிமிஷம் ஆயிற்று. வெட்டி உறையில் போட்டோம். 'சட்டையைத் திருப்பிப் போட்ட பையன் – 8.' வாசித்துவிட்டு முறைத்தான்.

வாங்க வருகிறவர்களின் உறைகளைப் போடுகிற பெட்டி மேஜைமேல் இருந்தது. அதைக் கிளறி, அடியில் கிடந்த உறையை அவன்தான் எடுத்தான். அம்மாவின் கையெழுத்து. நான் அதுவரை பார்க்கவில்லை. ஒரு வாரமாக அங்கேதான் கிடந்திருக்கிறது, வழக்கமான எட்டுப் பிரதியோடு, யாரோ வாடிக்கையாளர் வந்து கேட்கப் போகிற மாதிரி.

"ஏழு படி தாண்டிய பொண்ணு" என்று சத்தமாகப் படித்தான். நிமிர்ந்தான். "தாண்டியவா?"

உறைக்குள்ளிருந்து, இன்னும் வெட்டாத எட்டுப் பட அட்டையை எடுத்துப் பார்த்தான். முகம், காது, பலகை, படி, ரத்தக் கோடு. ஒவ்வொன்றாகப் பார்த்தான். பொய்ப்படத்தைக் கண்டுபிடிக்க அவனைவிட ஆள் கிடையாது.

"அன்னிக்கி காத்து இல்லையா?"

"இருந்தது."

கத்தரிக்கோலை எடுத்து ஓரத்துப் படம் ஒன்றை வெட்டிக்கொண்டான். கோணலாக வெட்டினான். பர்ஸில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு மணிக்கு வருவியா?" என்றான். கேமரா கொண்டு வா என்று சொல்லவில்லை.

அவன் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். உறைமேல் 8 என்பதை அடித்து, 7 என்று எழுதினேன். வேறு எதையும் திருத்தவில்லை.